கம்ப்யூட்டர் ரூம் அன்புக்கரசி

தி.நகர்ல பட்டுப்புடவை எடுக்கப் போயிருக்கீங்களா? போயிருப்பீங்க. புடவையைப் பாத்திருப்பீங்க, ஜரிகையைப் பாத்திருப்பீங்க, எடுத்துப் போடுற பொம்பளை மூஞ்சியைக்கூட பாத்திருப்பீங்க. அவ காலைப் பாத்தீங்களா? சத்தியமா பாத்திருக்க மாட்டீங்க. காலையில ஷட்டர் ஏறினதுலேருந்து ராத்திரி எறங்குற வரைக்கும் நிக்கிற காலு அது. கடையில வேலை செய்யிறவங்களுக்கு உக்கார எடம் தரணும்னு சட்டமே போட்டாச்சு. கடைக்காரங்களும் ஸ்டூல் வாங்கிப் போட்டாச்சு. அதுமேல பிரிக்காத புடவைக் கட்டு சொகமா உக்காந்திருக்கும். பொம்பளைங்க பக்கத்துல நிப்பாங்க.

அன்புக்கரசியும் அப்படி நின்னவதான். அடையாத்துக் கரையோரம் பொறந்து வளந்தவ. குடிசையை எடுத்துட்டு பெரும்பாக்கத்துல மாடிவீடு குடுத்தாங்க, அங்க போயாச்சு. காலையில பஸ்ஸுல நின்னுகினே தி.நகர் வருவாள், பகல் பூரா ரெண்டாவது மாடி பட்டு செக்‌ஷன்ல நிப்பாள், திரும்பவும் பஸ்ஸுல நின்னுகினே போவாள். புருஷன் போய்ச் சேந்துட்டான். பொண்ணு தாரணி பிளஸ் டூ படிக்குது. வீட்டுல அடுப்பு எரியணும்னா இவ ஒருத்தி சம்பளம்தான்.

நின்னு நின்னு இடது கால்ல நரம்பு சுருட்டிக்கிச்சு. கெண்டைக்கால் பூரா பச்சையா புடைச்சுக்கினு, கணுக்கால்கிட்ட ஒரு புண்ணு. ஆறும், திரும்ப வாயைத் தொறக்கும். ஆஸ்பத்திரியில டாக்டரம்மா கட்டுப் போட்டுட்டு, "நிக்கிற வேலையை விட்டுடும்மா. நீ விடலன்னா காலு உன்னை விட்டுடும்"னு சொல்லிச்சு. சொல்றதுக்கு என்ன, வாய் வலிக்குமா? வேலையை விட்டா யாரு சோறு போடுவாங்கன்னு அந்தம்மா சீட்டுல எழுதித் தரலையே.

கால் விஷயத்தை அன்புக்கரசி கடையில மூச்சு விடலை. மூச்சு விட்டவங்க கதி அவளுக்குத் தெரியும். "உடம்பைப் பாத்துக்க தாயி, வீட்டுல இருந்து நல்லா ரெஸ்ட் எடுத்துட்டு வா"ன்னு முதலாளி சுயம்புலிங்கம் அண்ணாச்சி அன்பாத்தான் அனுப்பி வைப்பார். கல்மனசுக்காரர்னு யாரும் சொல்ல முடியாது, போறப்ப கையில பழம்கூட வாங்கிக் குடுப்பார். ஆனா திரும்பி வந்தா அவங்க நின்ன எடத்துல வேற ஒருத்தி நிப்பாள்.

அப்படிப்பட்ட நேரத்துலதான் மூணாவது மாடி கம்ப்யூட்டர் ரூம்ல கணக்கு அடிச்சுக்கினு இருந்த பொண்ணு கல்யாணமாகிப் போச்சு. ரூம்னு பேருதான், துணி கோடவுனை ஒட்டி ஒரு பொந்து. அங்க ஒரு மேசை, ஒரு கம்ப்யூட்டர், அப்புறம் ஒரு நாற்காலி. "ஆருக்கும்மா டைப் அடிக்கத் தெரியும்?"னு அண்ணாச்சி கேட்டப்ப, அன்புக்கரசி கை தன்னால மேல போச்சு. தெரியுமா? ஒரு மண்ணும் தெரியாது. மொதல்ல தெரியும்னு சொல்றது, அப்புறம் ராவும் பகலுமா கத்துக்கறது, இதான் அவ வழக்கம். பஸ்ஸுல கம்பியைப் புடிச்சுக்கினே செல்போன்ல வீடியோ பாத்துப் பாத்துக் கத்துக்கினாள். எக்ஸெல் வந்துச்சு, பில்லிங் வந்துச்சு, எப்பவாவது மிஷின் மக்கர் பண்ணா அதைத் தட்டிக் கொட்டி எழுப்பவும் வந்துச்சு. கால் புண்ணும் ஆறிச்சு, சுருட்டின நரம்புக்குப் போடுற கட்டு மட்டும் போகலை. கடையில எல்லாரும் அவளை கம்ப்யூட்டர் ரூம் அன்புக்கரசின்னே கூப்பிட ஆரம்பிச்சாங்க. அந்தப் பேரைக் கேக்கறப்பல்லாம் அவளுக்கு வயித்துல பால் வார்த்த மாதிரி இருக்கும்.

அந்தப் பாலுல விஷம் வச்ச மாதிரி ஆனி மாசம் வந்துச்சு.

அண்ணாச்சி மகன் ஆனந்தகுமார் நல்ல பையன்தான், கெட்டவன் இல்ல. படிச்சுட்டு வந்தவன், கடையைப் பெருசா ஆக்கணும்னு துடிப்பு. யார் வந்தாங்க, என்ன எடுத்தாங்க, அவங்க வீட்டுல அடுத்த கல்யாணம் எப்போ, யாருக்குப் போன் போட்டு ஆடித் தள்ளுபடிக்குக் கூப்பிடணும்னு எல்லாத்தையும் ஞாபகம் வச்சுக்கிற சாஃப்ட்வேர் ஒண்ணு இருக்கு, சி.ஆர்.எம்.னு சொல்வாங்க. ஒரு கம்பெனிக்காரனைக் கூட்டிட்டு வந்து அதை அப்பாவுக்குக் காட்டினான். கம்பெனிக்காரன் டை கட்டிக்கினு, "உங்க கஸ்டமர் லிஸ்ட் எங்க சர்வர்ல பத்திரமா இருக்கும் சார். எங்க ஆளுங்களே பாத்துப்பாங்க, உங்களுக்குத் தனியா ஸ்டாஃபே தேவையில்ல"ன்னான்.

அண்ணாச்சிக்கு மூக்குமேல கோவம் வந்துச்சு. "ஏல ஆனந்து, நான் வெயில்ல அலைஞ்சு புடிச்ச வாடிக்கைய கொண்டுபோய் இவன் வீட்டுல வைக்கச் சொல்லுதானே, இவன் ஆருல? நாளைக்கே பக்கத்துக் கடைக்காரன்கிட்ட குடுக்க மாட்டாம்னு என்ன நிச்சயம்?"

பில் கட்டு ஒண்ணை வாங்க வந்து ஓரமா நின்ன அன்புக்கரசிக்கு அந்த 'ஸ்டாஃபே தேவையில்ல' மட்டும்தான் காதுல நின்னுச்சு. வாய் தன்னால தொறந்துகிச்சு. "அண்ணாச்சி, ஓசியிலயே அந்த மாதிரி சாஃப்ட்வேர் கீது. நம்ம பழைய பில்லிங் மிஷின் சும்மாதானே கீது, அதுலயே போட்டுக்கலாம். நம்ம கடை, நம்ம மிஷின். வெளியாளு யாரும் தொட முடியாது."

"உனக்குப் போடத் தெரியுமா?"

"தெரியும் அண்ணாச்சி."

தெரியாதுன்னு உங்களுக்கும் எனக்கும் தெரியும். ஆனந்தகுமாருக்கும் லேசா சந்தேகம். "சரிக்கா, ட்ரை பண்ணுங்க. ஆனா ஆடியில அப்பா புதுசா எதையும் ஆரம்பிக்க மாட்டாரு. ஆனி கடைசி வெள்ளிக்கிழமை நல்ல நேரத்துல ஓப்பன் பண்ணணும். அதுக்குள்ள முடியலன்னா கம்பெனிக்காரனைக் கூப்பிட்டுடுவேன். நீங்க பழையபடி பட்டு செக்‌ஷனுக்கே போயிடலாம். அங்கதான் ஆள் பத்தலையே"ன்னான். அவன் சாதாரணமாத்தான் சொன்னான். இவளுக்குக் கட்டுக்குள்ள கால் விண்ணுன்னு தெறிச்சுச்சு.

பழைய மிஷினைத் துடைச்சு, அதுல லினக்ஸ்ங்கற ஓசி சிஸ்டத்தைப் போட்டாள். அது வரைக்கும் வீடியோ சொன்ன மாதிரியே போச்சு. அப்புறம் வந்துச்சு பாருங்க அந்தக் கறுப்புத் திரை. படம் கெடையாது, பட்டன் கெடையாது. என்ன செய்யணும்னு எழுத்து எழுத்தா அடிக்கணும். ஒரு புள்ளி மாறினாலும் முடியாதுன்னு மூஞ்சியில அடிக்கும். வெப் சர்வரை ஏத்தினாள், டேட்டாபேஸை ஏத்தினாள், சாஃப்ட்வேர் கட்டைப் பிரிச்சு உள்ள போட்டாள். பிரவுசர்ல தொறந்தா, உனக்கு அனுமதி இல்லைன்னுச்சு. அடப்பாவி, நான் வச்ச ஃபைலைப் பாக்க எனக்கே அனுமதி இல்லையா? ஃபைலுங்க இவ பேர்ல கீது, சர்வர் பேருக்கு மாத்தணும்னு கண்டுபுடிக்கறதுக்குள்ள ஒரு பகல் போச்சு. மாத்தினாள். இப்ப வெறும் வெள்ளைத் திரை. தப்புன்னும் சொல்லலை, சரின்னும் சொல்லலை, வாயில கொழுக்கட்டை வச்ச மாதிரி கம்முன்னு கெடந்துச்சு.

வெள்ளைத் திரையைப் பாத்துக்கினு அன்புக்கரசி விக்கி விக்கி அழுதாள். அந்த நேரம் பாத்து டீ எடுத்துக்கினு மெஹக் வந்தாள். மெஹக் கீழ பில் கவுண்ட்டர்ல நிக்கிறவ. ஒரே வாரத்துல வேலைக்குச் சேந்த ரெண்டு பேரும் உசுருக்கு உசுரு. கால் கதை தெரிஞ்ச ஒரே ஆளு அவதான்.

"இன்னாடி இது, மிஷின் முன்னாடி ஒப்பாரி வச்சுக்கினு கீற? எழுந்திரு, மூஞ்சியைக் கழுவு."

"முடியல மெஹக். எதுனா ஒண்ணு தொறந்தா இன்னொண்ணு மூடிக்குது. நான் திரும்பக் கீழ வந்து நின்னா செத்துருவேன்டி."

"சாவுறதுக்கு இன்னா அவசரம்? டீயைக் குடி மொதல்ல."

டீயைக் குடிச்சாள். மிஷின் தனக்குள்ள குறிச்சு வச்சிருந்த தப்பு விவரத்தைத் தேடி எடுத்துப் படிச்சாள். ஏதோ ஒரு துணைச் சாமான் ஏத்தாம விட்டிருந்தாள். ஏத்தினாள். அப்புறம் டேட்டாபேஸ் பாஸ்வேர்ட் ஒத்துக்கலை. திரும்பத் திரும்ப அடிச்சாள், திரும்பத் திரும்ப விரட்டுச்சு. எல்லாத்தையும் அழிச்சு மொதல்லேருந்து போட்டாள். வியாழக்கிழமை சாயங்காலம் கடை கூட்டம் கும்முற நேரத்துல, உள்ள வர்றதுக்குப் பேர் கேட்டு ஒரு நீலப் பக்கம் தொறந்துச்சு. அன்புக்கரசி மேசைமேல தலையைச் சாய்ச்சு, மிஷினோட பக்கவாட்டைத் தொட்டுக் கும்பிட்டாள்.

வெள்ளிக்கிழமை காலையில அண்ணாச்சி குளிச்சு, திருநீறு பூசி, வெள்ளை வேட்டியில மூணாவது மாடி ஏறி வந்தார். மிஷினுக்குச் சந்தனம், குங்குமம், ஒரு முழம் மல்லி. பின்னாடி ஆனந்தகுமார், செக்‌ஷன் ஆளுங்க கொஞ்சம் பேர். அண்ணாச்சி கடையில எந்தப் புதுக் கணக்கும் பிள்ளையார் பேர்லதான் ஆரம்பிக்கும். "மொத வாடிக்கை பிள்ளையாரு. போடு தாயி"ன்னார்.

போட்டாள். கடைசிப் பேரு, அதான் லாஸ்ட் நேம், கட்டாயம்னு மிஷின் அடம்புடிச்சுச்சு. எல்லாரும் திருதிருன்னு முழிச்சாங்க. "துணைன்னு போடுங்கக்கா, பிள்ளையார் துணை"ன்னான் ஆனந்தகுமார். மிஷின் ஒத்துகிச்சு. அடுத்து செல் நம்பர் கட்டாயம்னுச்சு.

அண்ணாச்சி யோசிக்கவே இல்லை. "எம் நம்பரைப் போடு. அவரைக் கூப்பிட்டா என்ன, என்னைக் கூப்பிட்டா என்ன."

எல்லாரும் சிரிச்சாங்க, அன்புக்கரசிகூட. அப்புறம் பில்லிங்லேருந்து எடுத்த மொத்த வாடிக்கை லிஸ்ட்டையும் ஏத்தினாள். ஒரே நம்பர் ரெண்டு தடவை வந்தா என்ன செய்யட்டும்னு மிஷின் கேட்டுச்சு. வாடிக்கைக்காரங்க வீடு மாறுவாங்க, புது விலாசம்தானே வேணும்னு, பழசுமேல புதுசை எழுதுன்னு சொல்லிட்டாள். எவ்ளோ ஏறிச்சுன்னு காட்டுற கோடு ஓடி முடிஞ்சுது. அண்ணாச்சி கண்ணாடியை மாட்டிக்கினு குனிஞ்சார்.

"பிள்ளையாரு எங்கம்மா?"

மொத வரிசையில பிள்ளையார் இல்லை. அந்த எடத்துல, ஜெயலக்ஷ்மி, பாலவாக்கம், பிளவுஸ் துணி சாயம் போனதாகப் புகார்னு இருந்துச்சு. தேடினாள். பிள்ளையார்னு அடிச்சா யாரும் இல்லைன்னுச்சு. லிஸ்ட்டைப் பாத்தா அதுலயும் பாதி ஜனத்தைக் காணோம்.

அண்ணாச்சி மொகம் சுண்டிப்போச்சு. கோவப்பட்டாக்கூட தேவலை. மெதுவா, "பிள்ளையாரையே அழிச்சிட்டியேம்மா"ன்னார். "நல்ல நாளும் அதுவுமா..." ஆனந்தகுமார்தான் பஞ்சாங்கத்தைப் பாத்து, சாயங்காலமும் ஒரு நல்ல நேரம் இருக்குன்னு சொன்னான். "அதுக்குள்ள சரி பண்ணிடுங்கக்கா. இல்லன்னா எனக்கு வேற வழி இல்ல."

எல்லாரும் எறங்கிப் போனாங்க. அன்புக்கரசிக்குக் கையும் ஓடலை, காலும் ஓடலை. எங்க தப்பு? பாதி ஊர் எங்க போச்சு? பழைய லிஸ்ட்டைத் தொறந்து ஒவ்வொரு பேரா பாத்துக்கினே வந்தாள். கொட்டிவாக்கம் ஒருத்தர், மயிலாப்பூர் ஒருத்தர், மாம்பலம் ஒருத்தர். ஊர் வேற, பேர் வேற, நம்பர் மட்டும் ஒண்ணு. அது அண்ணாச்சி நம்பரு.

கீழ ஓடினாள். லிஃப்ட் கஸ்டமருக்கு மட்டும்தான், படிதான். மெஹக் தோளைப் புடிச்சு உலுக்கினாள். "இன்னாடி பண்ணி வச்சிருக்கீங்க? அவனவன் பேருக்கு அண்ணாச்சி நம்பர் கீதே!"

"ஆமா, நம்பர் குடுக்க மாட்டேன்னு கஸ்டமர் மொறைச்சா, அண்ணாச்சி நம்பரைத்தான் போடுவோம். பில் மிஷின் நம்பர் இல்லாம வுடாதே. ஏன், அவர்தான் சொன்னாரு. வந்த மகாலச்சுமிகிட்ட நம்பர் குடு நம்பர் குடுன்னு நச்சரிக்காதீய, எம் நம்பரைப் போட்டு அனுப்புங்கன்னு. நீ மாடியில உக்காந்துகினு கீற, உனக்கு எங்க தெரியும்?"

இப்ப புரிஞ்சுதா? பிள்ளையாருக்கும் அதே நம்பர். அந்த நம்பரோட ஏறி வந்த அத்தனை பேரும் ஒருத்தர்மேல ஒருத்தர் எழுதிக்கினு, கடைசியா வந்த ஜெயலக்ஷ்மியம்மா பிள்ளையார் தலைமேல ஏறி உக்காந்துடுச்சு. இதை அண்ணாச்சிகிட்ட சொல்ல முடியுமா? உங்க வார்த்தையாலதான் பிள்ளையார் போனார்னு வாடிக்கையும் வேலையாளும் நிக்கிற கல்லாவாண்ட போய்ச் சொல்ல முடியுமா? வாயை மூடிக்கினு திரும்ப ஏறினாள். ரெண்டாவது மாடி திரும்புறப்ப கணுக்கால்ல சுரீர்னுச்சு. கட்டு நனைஞ்சு செருப்பு பிசுபிசுத்துச்சு. ஆறின புண்ணு தொறந்துகிச்சு.

உக்காந்தாள். ஏத்தின அத்தனையையும் அழிக்கச் சொன்னாள். மிஷின் பாதியில மூச்சடைச்சு நின்னுபோச்சு. நீலப் பக்கம் போயி, டேட்டாபேஸ் இல்லைன்னு வந்துச்சு. "யப்பா பிள்ளையாரே, உனக்கு ஒரு செல்போன் இல்லாத கொறைக்கு நான் நடுத்தெருவுல நிக்கணுமாப்பா"ன்னு வாய்விட்டே கேட்டாள். மிஷினை நிறுத்தித் திரும்ப எழுப்பினாள். எழுந்திருக்கிற வரைக்கும் உள்ளங்கையை வாயில வச்சுக் கடிச்சுக்கினு உக்காந்திருந்தாள். வேலை போனாலும் பரவாயில்லைன்னு நெனைக்கப் பாத்தாள். முடியலை. தாரணி மொகம் குறுக்க குறுக்க வந்துச்சு. நீலப் பக்கம் வந்துச்சு. நம்பர் கட்டாயம்ங்கற விதியை எடுத்துட்டாள். லிஸ்ட்ல அண்ணாச்சி நம்பர் இருந்த எடத்தையெல்லாம் காலி பண்ணாள். சோறு கட்டினது கட்டினபடியே இருந்துச்சு. வெளிய வெயில் சாயுற நேரத்துல ஒரு ஆள் குறையாம அத்தனை பேரும் வந்து உக்காந்தாங்க. மொத வரிசையை மட்டும் பிள்ளையாருக்குன்னு விட்டுவச்சு அண்ணாச்சிக்காகக் காத்திருந்தாள்.

சாயங்காலம் அண்ணாச்சி திரும்ப ஏறி வந்தார். பிள்ளையார் துணை, அண்ணாச்சி நம்பர், முதல் வரிசை. கடைசி வரைக்கும் நகர்த்திப் பாத்தார். மேல வந்தார். பிள்ளையார் அங்கேயே இருந்தார். அண்ணாச்சி சூடம் ஏத்திக் கும்பிட்டு, கண்ணைத் தொடைச்சுக்கினார். "எம்மா, நீ படிச்சவன் செய்யுற வேலைய செஞ்சிட்ட தாயி. எம் மகளாட்டம் இருந்து செஞ்சிட்ட."

அன்புக்கரசி மேசையைப் புடிச்சுக்கினு நின்னாள். பொழைச்சோம்டா சாமின்னு நெஞ்சுக்குள்ள யாரோ கத்துற மாதிரி இருந்துச்சு.

ஆனந்தகுமார் தன் செல்போனை எடுத்து எதையோ தட்டினான். "அப்பா, இங்க பாருங்க! கடை வைஃபைல என் போன்லயே வருது. ஒவ்வொரு செக்‌ஷன்லயும் ஒரு போன் குடுத்துட்டா போதும். கஸ்டமர் வந்து நின்ன உடனே அங்கேயே பாத்துக்கலாம். சூப்பர்க்கா!"

அண்ணாச்சி போனை வாங்கிப் பாத்தார். மொகம் மலர்ந்துச்சு. அந்தப் பொந்தைச் சுத்திப் பாத்தார். கதவுக்கு வெளிய ஆடிச் சரக்கு மூட்டை மூட்டையா, அடுக்க எடமில்லாம வழியை அடைச்சுக்கினு கெடந்துச்சு.

"அப்போ இனிமே ஒருத்தர் இங்க உக்காரணும்னு இல்லைல்லா? பொட்டி பாட்டுக்கு மூலையில கெடக்கட்டும். மேசை நாக்காலிய எடுத்துட்டு சரக்கை இங்க ஏத்துங்கல. அன்புக்கரசி பட்டு செக்‌ஷன்ல நின்னுக்கிட்டே இதைப் பாத்துக்கிடும். நம்ம வாடிக்கைய பேரு சொல்லிக் கூப்பிட இவளை விட்டா ஆரு இருக்கா?"

பாராட்டாத்தான் சொன்னார். மனசாரச் சொன்னார். அதுதான் வயித்தெரிச்சல்.

"அண்ணாச்சி..." அன்புக்கரசி குரல் அவளுக்கே கேக்கலை. "எனக்குக் கால் கொஞ்சம்..."

"காலுக்கு என்ன?" அண்ணாச்சி பதறிட்டார். அவ கண்ணையே பாத்தார். "முடியலையா தாயி? முடியலைன்னா சொல்லு. வீட்டுல இருந்து நல்லா ரெஸ்ட் எடுத்துட்டு, ஆடி கழிச்சு வாயேன். வேலை எங்க போயிரும்?"

வேலை எங்க போகும்னு அன்புக்கரசிக்குத் தெரியும். செருப்புக்குள்ள விரலை மடக்கிக்கினாள். "ஒண்ணும் இல்லை அண்ணாச்சி. உக்காந்தே இருந்ததுல மரத்துப்போச்சு. அவ்ளோதான்."

"அதானே"ன்னு சிரிச்சுக்கினே அண்ணாச்சி எறங்கிப் போனார். கொஞ்ச நேரத்துல ரெண்டு பேர் வந்து நாற்காலியைத் தூக்கிக்கினு போனாங்க. எங்க வைக்கிறதுன்னு ஒருத்தன் இன்னொருத்தனைக் கேட்டான். படி எறங்குற வரைக்கும் அது செவுத்துல இடிக்கிற சத்தம் கேட்டுக்கினே இருந்துச்சு.

ஆடி பொறந்த அன்னைக்கு ரெண்டாவது மாடியில கூட்டம் அலைமோதுச்சு. காலைல கட்டின புதுக் கட்டு மத்தியானத்துக்குள்ள ஊறிப்போயிருந்துச்சு. புடவையை நல்லா தாழ்த்திக் கட்டியிருந்தாள், யாருக்கும் தெரியலை. மெஹக் மட்டும் ஒரு தடவை மேல வந்து பாத்துட்டு, மூஞ்சியைத் திருப்பிக்கினு போயிட்டாள். லிஃப்ட்ல கூட்டம்னு வயசான அம்மா ஒருத்தர் மகளோட மூச்சு வாங்கப் படியேறி வந்தாங்க. அன்புக்கரசி மகள்கிட்ட நம்பரைக் கேட்டு செல்போனைத் தட்டினாள். போன வருஷம் மூத்த பொண்ணு கல்யாணத்துக்கு எடுத்தவங்க, பேரு, ஊரு, புடிச்ச கலரு எல்லாம் பளிச்சுன்னு வந்துச்சு. கண்ணு இருட்டிக்கினு வந்துச்சு. கவுண்ட்டர் விளிம்பை இறுக்கிப் புடிச்சுக்கினு, மகள் முன்னாடியே பேரு சொல்லிக் கூப்பிட்டாள். அந்தம்மாவுக்குச் சந்தோஷம் தாங்கலை.

"என்னை இன்னும் ஞாபகம் வச்சிருக்கியேம்மா!"

"மறப்பேனாம்மா?" அன்புக்கரசி காலை மாத்தி நின்னு, மூணாவது மாடியிலேருந்து எறங்கி வந்த அந்த நாற்காலியை அவங்களுக்கு இழுத்துப் போட்டாள். "வாங்க, உக்காருங்க."